ஊருக்கு வெளியே ஒரு வீடு – 6: முகப்புக்கு ஒரு கல், முதுகுக்கு ஒரு கல்

பிலடெல்பியாவுக்கு வடமேற்கே, ஜெர்மன்டவுன் நெடுஞ்சாலையோரம் நிற்கிறது கிளிவ்டன் என்ற வீடு. அதை நேருக்கு நேர் நின்று பார்ப்பதைவிட மூலையில் நின்று பார்ப்பதே நல்லது. சாலையைப் பார்த்த சுவர் முழுக்கச் சதுரமாகக் கொத்திய கல், வரிசை பிசகாமல் அடுக்கியது. மூலை திரும்பினால் கதை மாறிவிடுகிறது. பக்கச் சுவரிலும் பின்சுவரிலும் கொத்தாத கரடுக்கல்லை அடுக்கி, மேலே சுண்ணாம்புக் காரை பூசியிருக்கிறார்கள். வாசலில் மாக்கோலம், கொல்லையில் வெறும் தண்ணீர்த் தெளிப்பு என்பதுபோல. சாலையில் போகிறவர் கண்ணுக்குப் படும் இடத்தில் மட்டும் வீட்டுக்காரர் தாராளமாகச் செலவழித்திருக்கிறார்.

சென்ற இதழில் ஜெர்மன்டவுன் பிறந்த கதையைப் பார்த்தோம். 1683-இல் கிரெஃபெல்ட் நகரத்திலிருந்து வந்திறங்கிய 13 குடும்பங்கள். நெசவு, காகித ஆலை, அச்சகம் என்று வேரூன்றிய தொழில்கள். ஒற்றைச் சாலையின் இருபுறமும் நீண்டுகொண்டே போன ஊர். 1688-இல் அவ்வூர்க்காரர் நால்வர் அடிமை முறைக்கு எதிராகக் கையெழுத்திட்டுக் கொடுத்த மனுவையும் பார்த்தோம். ஆங்கிலேயரின் அமெரிக்கக் குடியேற்றங்களில் அப்படி எழுந்த முதல் மனு அது. அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தக் கைத்தொழில் ஊருக்கு நகரத்துப் பணக்காரர்கள் ஏன் வந்தார்கள்? வெயிலும் காய்ச்சலும்தான் காரணம். பிலடெல்பியா டெலவர் ஆற்றங்கரைத் துறைமுகம். கோடை முற்றினால் துறைமுகத் தெருக்களில் நாற்றம், தேங்கிய நீர், கப்பலோடு வந்து இறங்கும் நோய்கள். 1762 இலையுதிர் காலத்தில் மஞ்சள் காய்ச்சல் நகரத்தை உலுக்கியது. கொசுதான் அதைப் பரப்புகிறது என்று நிரூபணமாக இன்னும் 138 ஆண்டுகள் ஆகவேண்டியிருந்தது. கெட்ட காற்றால் வருகிறது என்பது அன்றைய வைத்தியர்களின் கணிப்பு. காற்று கெட்டிருந்தால் நல்ல காற்று இருக்கும் மேட்டுக்குப் போவதுதானே வழி? ஜெர்மன்டவுன் நகரத்திலிருந்து சுமார் ஆறு மைல், குதிரை வண்டியில் காலையில் கிளம்பினால் வேலை நேரத்துக்குள் நகரம் வந்துவிடலாம். மேடான நிலம், தோட்டங்கள், பக்கத்திலேயே விஸ்ஸஹிக்கன் ஓடை. வேலை நகரத்தில், குடும்பம் ஊருக்கு வெளியே என்ற ஏற்பாடு அமெரிக்காவில் இப்படித்தான் முளைவிட்டது. புறநகர் என்ற சொல்லுக்கு இன்று நாம் கொடுக்கும் பொருள் அப்போது கிடையாது. அதற்கான ஆசை மட்டும் வந்துவிட்டிருந்தது.

காய்ச்சலுக்கு மறு ஆண்டே, 1763-இல், ஜெர்மன்டவுனில் 11 ஏக்கர் வாங்கினார் பெஞ்சமின் சியூ. அப்போது அவருக்குச் சுமார் 40 வயது. மேரிலாந்தில் குவேக்கர் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் சட்டம் படித்து, பென்சில்வேனியாவின் தலைமை அரசு வழக்கறிஞராக இருந்தவர். அந்த மாகாணத்தின் உரிமையாளர்களான பென் குடும்பத்தாருக்கு வேண்டியவர். 1774-இல் மாகாணத் தலைமை நீதிபதியாகவும் ஆனார். நகரத்தில் அவருக்கு ஏற்கெனவே வீடு உண்டு. இது கோடைக்கு மட்டும்.

தொழில்முறைக் கட்டடக் கலைஞர் என்று ஒருவரை அமர்த்தும் வழக்கம் அன்றைய பிலடெல்பியாவில் இல்லை. தலைமைத் தச்சரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். வீட்டுக்காரர் தமக்குப் பிடித்த ஆங்கில மாளிகைப் படம் ஒன்றைக் காட்டி, இதுபோல் வேண்டும் என்பார். தச்சர் அதை உள்ளூர்க் கல்லுக்கும் மரத்துக்கும் தக்கபடி மாற்றிக் கொடுப்பார். சியூவும் அப்படித்தான். வழக்குரைஞராயிற்றே, சும்மா இருப்பாரா, தாமே காகிதத்தில் வரைந்தும் பார்த்திருக்கிறார். அந்த வரைபடங்கள் குடும்பக் காகிதங்களோடு இன்னும் இருக்கின்றன. வேலையைச் செய்தவர்கள் ஜெர்மன்டவுன்காரர்களே. தலைமைத் தச்சர் ஜேக்கப் நோர், கொத்தனார் ஜான் ஹெஸ்ஸர். இருவருமே ஜெர்மானிய மரபினர். ஆங்கிலப் பெருமை பேசும் முகப்பை எழுப்பியவை ஜெர்மன் கைகள்.

கல் வெளியூர்க் கல் அல்ல. விஸ்ஸஹிக்கன் கல் என்று அந்த வட்டாரத்தில் சொல்லும் தகட்டுப்பாறை. சாம்பல் நிறம், நடுவே பழுப்பும் நீலமும் ஓடும். அதில் காக்காய்ப்பொன் கலந்திருப்பதால் சாய்வெயில் படும்போது சுவர் முழுக்கப் பொடிப்பொடியாக மினுங்கும். தகடு தகடாகப் பிளக்கும் கல்லை விளிம்பு உதிராமல் சதுரமாகக் கொத்துவது சிரமமான வேலை. முன்சுவரோடு அதை நிறுத்திக்கொண்டது கஞ்சத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். கூலிக் கணக்கு பார்த்தவர்களுக்குப் புரியும்.

முகப்பில் ஐந்து சன்னல் அகலம். நடுப்பகுதி சற்றே முன்தள்ளி, மேலே முக்கோண முகடு. வாசலுக்கு இருபுறமும் தூண்கள், அவற்றின் மேலும் ஒரு சிறு முகடு. எல்லாம் இடம் வலம் அச்சுப் பிசகாத சமச்சீர். கூரை மேல் ஐந்து பெரிய கல் கலசங்கள், இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. கோடை வீட்டுக்குக் கலசம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். தூரத்திலிருந்து வருகிறவன் முதலில் பார்ப்பது கூரையைத்தானே!

கதவைத் திறந்தால் அகன்ற கூடம். அதன் பின்பக்கத்தில் வரிசையாக நான்கு தூண்கள், அவற்றுக்கு அப்பால் மாடிப்படி. படியை முழுதாகக் காட்டாமல் தூண்களுக்கு இடையே தெரியவிட்டிருப்பது நாடக மேடை உத்திதான். கூடத்துக்கு இருபுறமும் சிறு அறைகள்; வேலையாக வருகிறவர்களை அங்கேயே நிறுத்திவிடலாம். அதற்குப் பின்னால் வரவேற்பறையும் உணவறையும். வீட்டை ஒட்டிப் பின்புறம் இரண்டு தனிக் கட்டடங்கள், ஒன்று சமையலுக்கு, ஒன்று துணி வெளுக்க. புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்குத் துணியும் அவற்றைக் கையாளும் மனிதர்களும் பெரிய வீட்டின் கண்ணில் படக்கூடாது. அந்த மனிதர்களில் அடிமைகளும் இருந்தார்கள்.

வீடு எழும்பிய அதே 1763 முதல் 1767 வரை சியூவுக்கு இன்னொரு கல் வேலையும் இருந்தது. பென்சில்வேனியாவுக்கும் மேரிலாந்துக்கும் இடையே பல்லாண்டாக இழுத்துக்கொண்டிருந்த எல்லைத் தகராறைத் தீர்க்க, சார்லஸ் மேசன், ஜெரமையா டிக்சன் என்ற இரு ஆங்கிலேயர்கள் நில அளவைக்கு வந்திருந்தார்கள். பென் குடும்பத்தின் சார்பில் எல்லைக் குழுவின் காரியங்களைப் பார்த்தவர்களில் சியூ முக்கியமானவர். காட்டுக்குள் மைலுக்கு ஒன்றாக நட்ட எல்லைக்கற்களும் இங்கிலாந்திலிருந்து வந்தவைதான், ஐந்து மைலுக்கு ஒன்றில் இரு மாகாணங்களின் உரிமையாளர் குடும்பங்களின் சின்னங்கள் பொறித்தவை. அந்த மேசன்-டிக்சன் கோடுதான் பிற்காலத்தில் அடிமை மாநிலங்களுக்கும் சுதந்திர மாநிலங்களுக்கும் நடுவிலான கோடாக மக்கள் வாயில் நின்றது. கோட்டின் இரு பக்கத்திலும் சியூவுக்குச் சொத்து இருந்தது.

இனி சண்டைக்கு வருவோம். கிளிவ்டன் என்றாலே அமெரிக்கர்களுக்கு ஞாபகம் வருவது 1777 அக்டோபர் 4-ஆம் தேதிதான்.

சியூ அன்று வீட்டில் இல்லை. பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்கப் புரட்சியின் பக்கம் நிற்கவும் மனமில்லை, பிரிட்டிஷ் மன்னர் பக்கம் போய்ச் சேரவும் துணிவில்லை என்று நடுவில் நின்றவரை, புரட்சியாளர்களின் காங்கிரசு ஆகஸ்டிலேயே கைது செய்து, ஆளுநர் ஜான் பென்னோடு சேர்த்து நியூ ஜெர்சிக்கு அனுப்பி வைத்திருந்தது. செப்டம்பரில் பிரிட்டிஷ் படை பிலடெல்பியாவைப் பிடித்துவிட்டது. தளபதி ஹவ் தன் படையில் பெரும்பகுதியை ஜெர்மன்டவுனில் தங்கவைத்தார். அமெரிக்கப் படைத் தலைவர் வாஷிங்டன் போட்ட திட்டம், நான்கு வழியாக இரவில் நடந்து விடியலில் ஒரே நேரத்தில் பாய்வது. தாளில் அழகான திட்டம். அன்று விடியலில் மூடுபனி இறங்கிவிட்டது.

நெடுஞ்சாலை வழியே வந்த அமெரிக்கர்கள் முதலில் நன்றாகவே அடித்துத் தள்ளினார்கள். பின்வாங்கிய பிரிட்டிஷ் 40-ஆம் படைப்பிரிவின் லெப்டினன்ட் கர்னல் தாமஸ் மஸ்கிரேவ், நூற்றுச் சொச்சம் வீரர்களோடு கிளிவ்டனுக்குள் புகுந்தார். கதவுகளுக்கு முட்டுக் கொடுத்தார், கீழ்த்தளச் சன்னல் பலகைகளை அடைத்தார். உள்ளே நுழைகிறவனைத் துப்பாக்கி ஈட்டியால் குத்துவது, மாடிச் சன்னல்களிலிருந்து சுடுவது, இவ்வளவுதான் உத்தரவு. நாடக மேடைபோல் அமைத்த கூடம் காவல் கூடமாயிற்று.

முன்னால் போன அமெரிக்கப் படைகள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டன. பின்னால் வந்த வாஷிங்டன் சாலையில் நின்று என்ன செய்வது என்று ஆலோசித்தார். ஒரு சிறு படையைக் காவலுக்கு நிறுத்திவிட்டு மற்றவர்கள் மேலே போகலாம் என்று சிலர் சொன்னார்கள், டிமோத்தி பிக்கரிங் அவர்களில் ஒருவர். பீரங்கிப் படைத் தலைவர் ஹென்றி நாக்ஸ் மறுத்தார். எதிரி பிடித்துக்கொண்டிருக்கும் கோட்டையை முதுகுக்குப் பின்னால் விட்டுப் போகக்கூடாது என்பது போர்நூல் விதி என்றார். நாக்ஸ் போருக்கு முன் பாஸ்டனில் புத்தகக் கடை வைத்திருந்தவர், போர்க்கலையைப் புத்தகத்தில் கற்றவர். வாஷிங்டன் அவர் பேச்சைக் கேட்டார். கோடை வீட்டைக் கோட்டை என்று எண்ணிய அந்த முடிவைப் பற்றி அமெரிக்க வரலாற்றாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் பிக்கரிங் சொன்னதே சரி.

சரணடையச் சொல்ல வெள்ளைக் கொடியோடு போன லெப்டினன்ட் கர்னல் வில்லியம் ஸ்மித்தைச் சுட்டுவிட்டார்கள். அந்தக் காயத்திலேயே பின்னர் அவர் இறந்தார். அடுத்துப் பீரங்கிகள் முழங்கின. களத்துக்கு இழுத்துவரக்கூடிய சிறு பீரங்கிகள் அவை, ஆறு பவுண்டு எடையுள்ள இரும்புக் குண்டு எறிபவை. கதவு சிதறியது, சன்னல்கள் பறந்தன, தோட்டத்துச் சிலைகள் உடைந்தன. சுவர் மட்டும் அசையவில்லை. கனத்த கல் சுவர் குண்டின் வேகத்தை வாங்கி விழுங்கிவிட்டது. நியூ ஜெர்சிப் படையினர் திரும்பத் திரும்ப வாசலை நோக்கி ஓடி, திரும்பத் திரும்ப விழுந்தார்கள். ஜான் லாரன்ஸ் என்ற இளைஞரும் மொதுயி என்ற பிரெஞ்சுக்காரரும் வைக்கோலைக் கொண்டுபோய் வீட்டுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். கல் எப்படிப் பற்றும்? லாரன்ஸ் தோளில் குண்டு வாங்கிக்கொண்டு திரும்பினார்.

வீட்டைச் சுற்றி மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் மடிந்தார்கள். அதைவிடப் பெரிய கேடு சத்தத்தால் வந்தது. பீரங்கி ஓசை கேட்டு ஆடம் ஸ்டீபனின் படை தன் வழியை விட்டு இந்தப் பக்கம் திரும்பி, பனிக்குள் சொந்தப் படையையே எதிரி என்று எண்ணிச் சுட்டது. முன்னே போயிருந்தவர்களோ முதுகுப்புறம் சண்டை கேட்கிறதே, சுற்றி வளைத்துவிட்டார்களோ என்று மிரண்டார்கள். வெற்றி கைக்கெட்டிய தூரத்தில் படை கலைந்து பின்வாங்கியது. ஸ்டீபன் குடிபோதையில் இருந்தார் என்று விசாரணை நடந்து பதவி பறிபோனது.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றும் இதில் உண்டு. பிலடெல்பியாவிலிருந்து துணைப்படையோடு விரைந்து வந்து, பின்வாங்கியவர்களைத் துரத்தியவர் காரன்வாலிஸ். திப்பு சுல்தானின் இரு மகன்களைப் பிணையாக வாங்கிக்கொண்டு, திண்டுக்கல்லையும் பாராமகாலையும் 1792 உடன்படிக்கையில் கம்பெனிக்குச் சேர்த்த அதே காரன்வாலிஸ்தான். மஸ்கிரேவும் இந்தப் பக்கம் வந்தார். இந்தியாவுக்கென்றே 1787-இல் திரட்டிய 76-ஆம் படைப்பிரிவுக்குக் கர்னலாகிச் சென்னையில் பணிபுரிந்தார். அவருடைய பழைய 40-ஆம் படைப்பிரிவு, கிளிவ்டன் வீட்டின் உருவத்தையே பொறித்துப் பதக்கம் அடித்துக்கொண்டது.

விடுதலையாகித் திரும்பிய சியூவுக்கு ஓட்டையும் உடைசலுமான வீடுதான் கிடைத்தது. 1779-இல் பிளேர் மெக்ளனகன் என்ற ஐரிஷ் வணிகருக்கு விற்றுவிட்டார். பிறகு மனம் கேட்காமல் 1797-இல் திரும்ப வாங்கினார். நடுவில், 1787-இல், அவர் மகள் பெக்கி மணந்துகொண்டது யாரை என்கிறீர்கள்? ஜெர்மன்டவுன் சண்டையில் அமெரிக்கத் தரப்பில் மேரிலாந்துப் படையோடு போரிட்ட ஜான் ஈகர் ஹவர்டை. மாமனார் வீட்டை மருமகன் முதலில் அறிந்தது துப்பாக்கிப் புகைக்கு நடுவேதான்.

இந்த வீட்டுக்குக் காசு எங்கிருந்து வந்தது? வழக்குரைஞர் கட்டணம் ஒரு பங்கு. டெலவரிலும் மேரிலாந்திலும் அடிமைகள் உழைத்த பண்ணைகள் இன்னொரு பங்கு. கெண்ட் வட்டத்து ஒயிட்ஹால் அவற்றில் ஒன்று. 1688 மனு எழுதிய ஊரிலேயே, எண்பது ஆண்டு கழித்து, மாகாணத்தின் பெரிய அடிமை உடைமையாளர்களில் ஒருவர் தம் கோடை வீட்டைக் கட்டிக் குடிபுகுந்தார்.

சியூவின் அடிமைகளுக்குள் 1760 பிப்ரவரி 14-இல் ஒரு குழந்தை பிறந்தது. ரிச்சர்ட் ஆலன் என்று பெயர். கிளிவ்டன் கட்டி முடிந்த ஓரிரு ஆண்டில், தாய் தந்தையோடும் உடன்பிறந்தாரோடும் டெலவரில் வேறொருவருக்கு விற்கப்பட்டார். இளைஞரானதும் விறகு வெட்டி, செங்கல் சூளையில் வேலை செய்து, போர்க்காலத்தில் உப்பு வண்டி ஓட்டிப் பணம் சேர்த்துத் தம்மைத் தாமே விலைக்கு வாங்கிக்கொண்டார். பிலடெல்பியாவுக்கு வந்து போதகரானார்.

1793 கோடையில் மஞ்சள் காய்ச்சல் மறுபடி வந்தது, முன்னைவிடக் கொடியதாக. சுமார் 50,000 பேர் வாழ்ந்த, அன்றைய தலைநகரமான பிலடெல்பியாவில் சுமார் 5,000 பேர் இறந்தார்கள். வசதியுள்ளவர்கள் ஊருக்கு வெளியே ஓடினார்கள். குடியரசுத் தலைவர் வாஷிங்டனே நவம்பரில் ஜெர்மன்டவுனில் வாடகைக்கு வீடு பிடித்து அமைச்சரவையை அங்கே கூட்டினார். சண்டைக்குப் பிறகு ஹவ் தங்கியிருந்த அதே வீடு அது. வீட்டுக்காரர் அனுப்பிய கணக்கில் வாடகையோடு, காணாமற்போன ஓர் இஸ்திரிப்பெட்டிக்கும் ஒரு முள்கரண்டிக்கும் மூன்று வாத்துகளுக்கும்கூட விலை போட்டிருந்தார். வாடகைக்கு இருந்தவர் நாட்டின் தலைவர் என்பதால் ஒரு வாத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆலன் நகரத்திலேயே இருந்தார். கறுப்பருக்கு இந்தக் காய்ச்சல் வராது என்று மருத்துவர் பெஞ்சமின் ரஷ் தவறாக நம்பி உதவி கேட்டபோது, ஆலனும் அப்சலம் ஜோன்சும் ஆட்களைத் திரட்டினார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டதும் பிணங்களை அகற்றியதும் அவர்கள்தான். அவர்களிலும் பலர் இறந்தார்கள், ஆலனே படுத்து எழுந்தார். எல்லாம் முடிந்ததும் மேத்யூ கேரி என்ற பதிப்பாளர், கறுப்பருள் சிலர் அதிகக் கூலி கேட்டதாகவும் திருடியதாகவும் எழுதினார். அவரே காய்ச்சலின் நடுவில் நகரத்தைவிட்டுப் போயிருந்தவர். ஆலனும் ஜோன்சும் 1794-இல் வரவு செலவுக் கணக்கோடு பதில் நூல் வெளியிட்டு வாயடைத்தார்கள். ஆலன் பின்னாளில் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபையின் முதல் பேராயரானார்.

சியூ குடும்பத்தார் 1972 வரை கிளிவ்டனை வைத்திருந்து, தேசியப் பாதுகாப்பு அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். பெரும்பாலான பழைய வீடுகளில் சுவர் இருக்கும், காகிதம் இருக்காது. இவர்கள் எதையும் எறியாத குடும்பம். தச்சர் ரசீது, வாடகைச் சீட்டு, பண்ணை மேற்பார்வையாளர் கடிதம், அடிமைகளின் பெயர்ப் பட்டியல் என இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள் பென்சில்வேனியா வரலாற்றுச் சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நீண்ட காலம் சண்டைக் கதையை மட்டும் சொல்லிவந்த வீடு, அந்தத் தாள்கள் ஒழுங்குபட்ட பிறகு ஒயிட்ஹால் கதையையும் பார்வையாளர்களுக்குச் சொல்லத் தொடங்கியது. குண்டுபட்ட பழைய கதவுகளும் காட்சியில் இருக்கின்றன. பல ஆண்டுகள் அக்டோபர் முதல் வாரத்தில் முன்புல்வெளியில் சண்டையை நடித்துக் காட்டினார்கள், கூட்டம் அதற்குத்தான் அதிகம் வந்தது.

பெஞ்சமின் சியூ 1810-இல் இறக்கும்வரை ஜெர்மன்டவுன் வண்டி வைத்திருப்பவர்களுக்கே கைக்கெட்டும் இடமாக இருந்தது. 1832-இல் பிலடெல்பியாவிலிருந்து இங்கே ரயில் பாதை வந்தது. அதன்பின் கணக்கெழுதுகிறவரும் கடை வைத்திருப்பவரும்கூட இங்கே வீடு பார்க்கத் தொடங்கினார்கள். 11 ஏக்கர் தோட்டங்கள் துண்டு துண்டாக மனையாயின. அதே விஸ்ஸஹிக்கன் கல்லில், சுவரோடு சுவர் ஒட்டிய இரட்டை வீடுகள் வரிசையாக எழுந்தன. அவற்றைக் கட்டி விற்றவர்களின் கணக்குவழக்கை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)